ஒருவரும் பேசிவிடாத இணையத் தொலைபேசி: செய்முறை

இணையம் வழியாகக் குரலை அனுப்புவது பெரிய வித்தையில்லை. 1995-லேயே வோக்கல்டெக் என்ற இஸ்ரேல் நிறுவனம் 'இன்டர்நெட் ஃபோன்' என்று பெயர் சூட்டி அதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. வித்தை வேறிடத்தில் இருக்கிறது. குரல் போவதற்கு வேண்டிய எல்லாமே மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். ஆனால் புதிதாக வந்தவர் ஒரு ஹலோ சொல்வதற்குள் அலுத்துப்போய் அதை மூடிவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சாதித்த கெட்டிக்காரர்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய உத்திகளைத் திரட்டி, இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தேவையானவை: திறந்த நெறிமுறை ஒன்று, அதைப் படித்து முடித்தவன் என்ற பெருமிதம், பெட்டிகள் நிறைந்த செட்டிங்ஸ் திரை, தன்னைத் தவிர வேறு யாரையும் உட்காரவைத்துச் சோதித்துப் பார்க்காத மன உறுதி.

முதலில் எதிராளி யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கும்பகோணத்தில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று வைத்துக்கொள்வோம். மகள் மெல்போர்னில் இருக்கிறாள். எஸ்.டி.டி. பூத் காலத்தில் மஞ்சள் போர்டைப் பார்த்து உள்ளே போய், எண்ணை அழுத்தி, சிவப்பு எழுத்தில் ஓடும் தொகையைப் பார்த்தபடி பேசிவிட்டு வந்தவர்தான். அவருக்கு இப்போதும் வேண்டியது மகளின் குரல், வேறொன்றும் இல்லை. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர், கணினியிலும் நன்றாகவே பழகியவர். இது முக்கியம். ஒன்றும் தெரியாதவரை விரட்டுவதில் என்ன பெருமை? விவரம் தெரிந்த மனிதர் நம் மென்பொருளைத் திறந்த கால் மணி நேரத்தில் 'நமக்கு வயசாயிடுச்சு' என்று தன்னையே நொந்துகொள்ள வேண்டும். அதுதான் தொழில் சுத்தம்.

வரவேற்புத் திரையில் ஆரம்பிக்கலாம். எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவருடைய முகவரி மின்னஞ்சல் முகவரியின் அதே வடிவத்தில்தான் இருக்கும்: ஒரு பெயர், நடுவில் @ குறி, பின்னால் ஒரு தளம். அந்த முகவரியையும் கடவுச்சொல்லையும் மட்டும் கேட்டுவிட்டு மேலே போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அந்தப் பலவீனத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். யூசர் நேம், ஆத்தரைசேஷன் நேம், டிஸ்ப்ளே நேம், டொமைன், ரெஜிஸ்ட்ரார், ப்ராக்ஸி, அவுட்பவுண்ட் ப்ராக்ஸி, ரெல்ம் என்று எட்டுப் பெட்டிகளை வரிசையாக அடுக்குங்கள். முதல் இரண்டில் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் எழுத வேண்டும். டொமைனிலும் ரெஜிஸ்ட்ராரிலும் ப்ராக்ஸியிலும் பெரும்பாலும் ஒரே தளத்தின் பெயரைத்தான் எழுத வேண்டும். அதைச் சொல்லிவிடாதீர்கள். எதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், எதைக் காலியாக விடலாம் என்று காட்ட ஒரு நட்சத்திரக் குறிகூட வேண்டாம். அடியில் 'பதிவு காலாவதி: 3600' என்று இன்னொரு பெட்டி. அது நொடியா, நிமிடமா, ரூபாயா என்று அவர் யோசிக்கட்டும்.

இங்கே தொழில் ரகசியம் ஒன்று உண்டு. எஸ்.ஐ.பி.யின் இன்றைய வடிவத்தை வகுத்த ஆர்.எஃப்.சி. 3261 என்ற ஆவணம் 2002 ஜூனில் வெளியானது. அதே மாதம் அதற்குத் துணையாக ஆர்.எஃப்.சி. 3263 என்று இன்னொன்றும் வெளியானது. தளத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். சர்வர் எது, எந்தப் போர்ட், எந்த வழியாகப் போவது என்பதையெல்லாம் இணையத்தின் பெயரேடான டி.என்.எஸ்.ஸிடம் கேட்டு மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று அதில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள். எட்டுப் பெட்டியை இரண்டாக்கும் வழி முதல் நாளிலிருந்தே கையில் இருந்தது என்று அர்த்தம். சர்வர் நடத்துபவர் டி.என்.எஸ்.ஸில் சில வரிகள் சேர்க்க வேண்டும், மென்பொருள் எழுதுபவர் அவற்றைப் படித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பல இடங்களில் இவர் செய்வார் என்று அவரும், அவர் செய்வார் என்று இவரும் இருந்துவிட்டதால் எட்டுப் பெட்டி மரபு இன்றுவரை காப்பாற்றப்பட்டு வருகிறது.

அடுத்தது நாட். இந்தச் செய்முறையின் உயிர்நாடி இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வீட்டுக்கு வரும் இணைய இணைப்புக்கு வெளியுலகில் வழக்கமாக ஒரே ஒரு ஐ.பி. முகவரிதான். வீட்டுக்குள் கணினி, கைபேசி, டி.வி. என்று எத்தனை இருந்தாலும் ரவுட்டர் அவற்றுக்கு 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிகளைக் கொடுத்துவிட்டு, வெளியே போகும் ஒவ்வொன்றின் மீதும் தன் முகவரியை ஒட்டி அனுப்புகிறது. இந்த முகவரி மாற்றும் வேலைக்குத்தான் நாட் என்று பெயர். செய்தி படிக்க, படம் பார்க்க இதனால் ஒரு தொல்லையும் இல்லை. தொலைபேசிக்குத்தான் தொல்லை. எஸ்.ஐ.பி.யில் அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியில் போகும், குரல் வேறு வழியில் போகும். 'பதில் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று அந்தச் செய்திக்கு உள்ளேயே மென்பொருள் எழுதிக்கொடுக்கிறது. அதற்குத் தெரிந்த முகவரியோ 192.168.1.5 மட்டுமே. கடித உறையில் அனுப்புநர் முகவரி என்ற இடத்தில் 'மாடியில் இரண்டாவது அறை' என்று மட்டும் எழுதி மெல்போர்னுக்குத் தபாலில் போட்டால் என்ன ஆகும்? மகள் பதிலை எடுத்துக்கொண்டு தன் வீட்டு மாடியில் தேடுவாள்.

விளைவு மிக நேர்த்தியானது. மணி அடிக்கும். மகள் எடுப்பாள். அப்பா பேசுவது அவளுக்குக் கேட்கும். அவள் பேசுவது அப்பாவுக்குக் கேட்காது. 'ஒன் வே ஆடியோ' என்று இந்தத் துறையில் செல்லமாக அழைக்கப்படும் நிலை இது. அழைப்பே போகாமல் இருப்பதைவிட இது பல படி உயர்ந்தது. அழைப்பே போகாவிட்டால் மென்பொருள் சரியில்லை என்று அவர் சொல்லிவிடுவார். மணி அடித்து, எடுத்து, ஒரு பக்கம் மட்டும் கேட்டால் தன் காதைச் சந்தேகிப்பார்.

இதற்கு மருந்து இல்லையா என்றால், உண்டு. 2003-ல் ஸ்டன் என்ற முறை வந்தது. வெளியே இருக்கும் ஒரு சர்வரிடம் 'என் முகவரி உனக்கு என்னவென்று தெரிகிறது?' என்று மென்பொருள் கேட்கும். வந்த பதிலைச் செய்திக்குள் எழுதிக்கொள்ளும். அந்த முதல் வடிவத்தில் நாட் முறைகளை நான்கு சாதியாகப் பிரித்திருந்தார்கள்: ஃபுல் கோன், ரெஸ்ட்ரிக்டட் கோன், போர்ட் ரெஸ்ட்ரிக்டட் கோன், சிமெட்ரிக். நிஜ உலகத்து ரவுட்டர்கள் இந்தப் பிரிவுகளுக்குள் ஒழுங்காக அடங்கவில்லை என்று 2008-ல் வந்த திருத்தப் பதிப்பு வகைப்பாட்டையே கைவிட்டுவிட்டது. நீங்கள் கைவிடாதீர்கள். நான்கையும் ஒரு பட்டியலில் போட்டு 'உங்கள் நாட் வகை என்ன?' என்று கேளுங்கள். கேட்டால் உதவி மையத்தில் இப்படி ஒரு உரையாடல் நிச்சயம்:

"தம்பி, இதுல நாட் என்ன வகைன்னு கேக்குது."

"அது உங்க ரவுட்டரைப் பொறுத்தது சார்."

"ரவுட்டர் கறுப்பா இருக்கு. மூணு லைட் எரியுது."

"சிமெட்ரிக்கா, கோனான்னு பாருங்க சார்."

"மேலேர்ந்து பாத்தா சிமெட்ரிக்காத்தான் இருக்கு தம்பி."

பதில் தவறில்லை. இயற்பியல் ஆசிரியர், பார்த்ததைச் சொல்கிறார். அவர் சிமெட்ரிக் என்று தேர்ந்தெடுத்ததும் 'ஸ்டன் இதற்கு வேலை செய்யாது' என்று ஒரு எச்சரிக்கைப் பலகையை எழுப்பி, 'சரி' என்ற ஒரே ஒரு பித்தானை வையுங்கள்.

2010-ல் ஐஸ், டர்ன் என்று இரண்டு முறைகள் தரநிலையாயின. ஐஸ் என்பது இருபுறமும் உள்ள எல்லா வழிகளையும் சத்தமில்லாமல் தானே முயன்று பார்ப்பது. ஒரு வழியும் சரிப்படாவிட்டால் நடுவில் ஒரு சர்வர் குரலை வாங்கி மறுபக்கம் கடத்திவிடும், அது டர்ன். இரண்டையும் சேர்த்துவிட்டால் பயனரிடம் நாட் என்ற சொல்லையே உச்சரிக்க வேண்டியதில்லை. ஆனால் டர்ன் சர்வர் நடத்தினால் பேண்ட்விட்த்துக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தச் செலவை லட்சம் பேருடைய ஞாயிற்றுக்கிழமைகளாக மாற்றிப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் நமக்குக் காசு மிச்சம்.

இன்னும் திடமான முறை வேண்டுமென்றால் ரவுட்டரில் போர்ட் திறக்கச் சொல்லுங்கள். அழைப்புக்கு 5060. குரலுக்கு 10000 முதல் 20000 வரை. ஆஸ்டெரிஸ்க் மென்பொருளோடு வரும் மாதிரிக் கோப்பில் இதே எல்லை இருக்கிறது. அது பெரிய தொலைபேசி நிலையமே நடத்தக்கூடிய மென்பொருள், ஆயிரக்கணக்கான குரல்களுக்கு இடம் விட்டு வைத்த அளவு. ஒரே ஒரு மகளோடு பேசப்போகிறவருக்கும் அதையே எழுதிக்கொடுங்கள். 5060-ஐத் திறந்துவைத்தால் கூடிய சீக்கிரம் நள்ளிரவில் மணி அடிக்கும். திரையில் 100 என்றோ 1001 என்றோ ஒரு எண் தெரியும். எடுத்தால் மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள். ஏமாந்த சர்வர்களைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிக்கொண்டே போகும் ஸ்கேனர் நிரல்களின் வேலை அது. அவற்றில் பரவலாகக் காணப்படும் ஒன்று தன்னை 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்று அறிமுகம் செய்துகொள்ளும். எத்தனையோ பாடுபட்டு நிறுவிய தொலைபேசியில் அவருக்கு வரும் முதல் அழைப்பு இதுவாக அமைந்தால் உங்கள் உழைப்பு வீண்போகவில்லை.

மகளிடமிருந்து வரும் அழைப்பு மட்டும் வரக்கூடாது. அதற்குத்தான் அந்த 3600. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மென்பொருள் சர்வரிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிடுங்கள். பேச்சில்லாமல் கிடக்கும் யு.டி.பி. இணைப்பைப் பல ரவுட்டர்கள் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மறந்துவிடும், சில அரை நிமிடத்திலேயே. அப்புறம் அவர் கூப்பிட்டால் போகும், அவரைக் கூப்பிட்டால் வராது. இடையிடையே ஒரு சிறு பொட்டலம் அனுப்பி ரவுட்டரை விழிக்கவைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதை அணைத்தே வையுங்கள். திரையில் 'பதிவாகியுள்ளது' என்ற பச்சைப் புள்ளி மட்டும் நாள் முழுக்க எரியட்டும்.

ரவுட்டர் செய்பவர்களும் நம் பக்கம்தான். எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு வசதியை அவர்கள் வைத்திருக்கிறார்கள். எஸ்.ஐ.பி. செய்திக்குள் புகுந்து உள்வீட்டு முகவரியைத் திருத்திக்கொடுப்பதாக ஏற்பாடு. பல ரவுட்டர்களில் அந்தத் திருத்தம் அரைகுறை. மென்பொருள் சரியாக எழுதிக்கொடுத்த முகவரியையும் சேர்த்துக் கெடுத்துவிடும். வாங்கும்போதே பெரும்பாலும் அது இயங்கும் நிலையில்தான் வருகிறது. அதைப் பற்றி உங்கள் உதவிக் குறிப்பில் மூச்சு விடாதீர்கள்.

ஒலிக்கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கையும் ஸ்பீக்கரையும் 'பிளக் ஹெச்.டபிள்யூ 0,0' என்ற வகைப் பெயர்களில் பட்டியலிடுங்கள். முன்தேர்வாக எச்.டி.எம்.ஐ. இருக்கட்டும், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குக் குரல் போகும். ஒலியடக்கம் மென்பொருளில் ஒன்று, இயக்க முறைமையின் மிக்ஸரில் ஒன்று, ஹெட்செட் வயரில் தொங்கும் பித்தானில் ஒன்று என மூன்று இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றில் எது மூடியிருக்கிறது என்பதை மட்டும் காட்டாதீர்கள்.

எக்கோ டெஸ்ட் விஷயத்தில் எச்சரிக்கை. பேசியதைத் திருப்பிக் கேட்கச்செய்யும் ஒரு சோதனை எண் அது. ஸ்கைப்பில் அது தொடர்புப் பட்டியலிலேயே காத்திருந்தது. எகிகாவிலும் 500 என்ற எண்ணில் இருந்தது. இதைவிட ஆபத்தான வசதி கிடையாது. மெல்போர்னில் தூங்குகிறவளை எழுப்பாமல், அவருடைய மைக் வேலை செய்கிறதா என்று அவரே தெரிந்துகொண்டுவிடுவார். வைத்தே ஆகவேண்டும் என்றால் எண்ணை யாருக்கும் சொல்லாமல் வையுங்கள்.

எகிகா என்றதும் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். க்னோம்மீட்டிங் என்று பிறந்து 2006-ல் எகிகா என்று பெயர் மாறிய அந்த லினக்ஸ் மென்பொருள், முதன்முறை திறந்ததுமே ஒரு வழிகாட்டியைக் கொண்டு நிறுத்தும். ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுக் கேட்டு அழைத்துப்போகும். இலவச முகவரியும் கொடுத்தது. நல்ல மனதோடு செய்த காரியம். ஆனால் அந்தப் பக்கங்கள் கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள்: உங்கள் இணைப்பு 56கே மோடமா, ஐ.எஸ்.டி.என்.னா, டி.எஸ்.எல்.லா, டி1-ஆ? ஒலியை எந்த மேலாளர் வழியாக எடுப்பது? நாட் வகை? கேள்விகளைக் குறைப்பதற்குப் பதில் கனிவாகக் கேட்டார்கள். புதியவருக்கு வசதி செய்வதென்றால் கேள்வித்தாளை அழகாக அச்சடிப்பது என்று நம்மில் பலரும் அன்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கோடெக் பட்டியலுக்கு வருவோம். குரலை எண்களாக மாற்றும் முறைக்கு அந்தப் பெயர். 1972-ல் வகுக்கப்பட்ட ஜி.711 நொடிக்கு 64 கிலோபிட் கேட்கும். 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் விலாசம். கூட்டிப் பெருக்கினால் 80 கிலோபிட். 56 கிலோபிட் மோடம் வைத்திருந்தவருக்கு இதைப் பட்டியலின் தலையில் வைத்தால் போதும், மேற்கொண்டு எந்தத் தடையும் தேவைப்படவில்லை. இதிலும் ஏ-லா, மியூ-லா என்று இரண்டு உண்டு: இந்தியாவும் ஐரோப்பாவும் முதலாவது, அமெரிக்காவும் ஜப்பானும் இரண்டாவது. எது என்று பயனரைக் கேளுங்கள். 2012-ல் தரநிலையான ஓபஸ், நொடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 வரை இணைப்புக்குத் தக்கபடி வளைந்துகொடுக்கும், கட்டணமும் இல்லை. அது வந்தபின் பயனரைக் கேட்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. இருந்தாலும் பட்டியலை எடுத்துவிடாதீர்கள். மேலே கீழே நகர்த்தும் அம்புக்குறிகளோடு இருக்கட்டும், தொழில்நுட்பக் களை தரும். 'தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்' என்ற குரலுக்கு அவர் ஒன்றை அழுத்தினால் அது எந்த முறையில் போக வேண்டும் என்பதற்கும் மூன்று தேர்வுகள் உண்டு: இன்பேண்ட், ஆர்.எஃப்.சி. 2833, எஸ்.ஐ.பி. இன்ஃபோ. மூன்றையும் கொடுத்து, எது என்று சொல்லாமல் இருந்துவிடலாம்.

இத்தனையையும் தாண்டி யாராவது அழைக்கும் பித்தானை அழுத்திவிட்டால்? பிழைச் செய்திகள் இருக்கின்றன. எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தோல்விக்கும் தெளிவான எண் உண்டு. அந்த எண்ணை மட்டும் காட்டுங்கள். 488 என்றால் இருவருக்கும் பொதுவான ஒலி முறை அமையவில்லை. 408 என்றால் மறுமுனை குறித்த நேரத்தில் பதில் சொல்லவில்லை. 401 சுவையானது: கடவுச்சொல் கேட்டு சர்வர் அனுப்பும் வழக்கமான பதில் அது, உடனே மென்பொருள் கடவுச்சொல்லின் முத்திரையோடு மறுபடி அனுப்பும், கதவு திறக்கும். இதையும் சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதும் ஒரு பிழை தெரிந்துகொண்டே இருக்கும். மகுடம் 604. அழைக்கப்பட்டவர் எங்குமே இல்லை என்பதுதான் தரநிலையில் அதற்குள்ள பொருள். தூரதேசத்தில் இருக்கும் மகளை அழைத்த தகப்பனாரின் திரையில் அதை அப்படியே தமிழாக்கிப் போடும் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

ஊர் சட்டமே தடையாக இருக்கும் இடங்களில், காரணத்தைச் சொல்லாத இந்த மௌனம் இன்னும் பயன்படும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெறாத இணைய அழைப்புச் சேவைகளை நெடுங்காலமாக முடக்கி வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், அழைப்பு போகாது. துபாய்க்குப் புதிதாகப் போன நம் ஊர்ப் பையன் வீட்டுக்குப் பேச முயன்று 'இணைக்கிறது… இணைக்கிறது…' என்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவான். சிம்மை மாற்றுவான். 'இந்த நாட்டில் இதற்கு அனுமதி இல்லை, அனுமதி பெற்ற செயலியைப் பாருங்கள்' என்று ஒரு வரி காட்டினால் அவனுக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சமாகும். ஆனால் அந்த ஒரு வரி எழுத யாரோ ஒருவர் அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று யோசித்திருக்க வேண்டும்.

இப்படி நாமெல்லாம் கட்டுக்கோப்பாக வேலை செய்துகொண்டிருந்தபோது 2003 ஆகஸ்டில் ஒரு துரோகம் நடந்தது. ஸ்வீடன்காரர் நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்காரர் யானுஸ் ஃப்ரீஸ் இருவரும், கஸா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எழுதிக்கொடுத்த எஸ்தோனிய நிரலாளர்களை வைத்து ஸ்கைப்பைக் கொண்டுவந்தார்கள். பெயர், கடவுச்சொல், ஹெட்செட்டை மாட்டு, பேசு. நாட் வகை கேட்கவில்லை. கோடெக் கேட்கவில்லை. நேராகப் போக முடிந்தால் போயிற்று. முடியாவிட்டால், நல்ல இணைப்புள்ள வேறு யாரோ ஒரு பயனரின் கணினி வழியாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. யு.டி.பி. அடைத்திருந்தால் இணையப் பக்கங்கள் வருகிற 80, 443 போர்ட்களிலேயே நுழைந்து போயிற்று. இந்தச் சிரமம் எதையும் பயனரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

உள்ளே இருந்ததெல்லாம் ரகசிய நெறிமுறை. அதோடு பேசும் வேறொரு மென்பொருளை யாரும் எழுத முடியாது. தன் கணினி அடுத்தவர் பேச்சைக் கடத்திக்கொண்டிருப்பது அந்தக் கணினிக்காரர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. திறந்த நெறிமுறையை நேசித்த நாம் எல்லோரும் திட்டினோம். திட்டியதில் நியாயம் இருந்தது. 2005-ல் இ-பே 260 கோடி டாலருக்கு வாங்கியது, 2011-ல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கியது, 2025 மே 5 அன்று கடையைக் கட்டிவிட்டது. எஸ்.ஐ.பி.யை அப்படி யாராலும் மூட முடியாது, இன்றும் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் கும்பகோணத்துத் தலைமையாசிரியர் நம் எட்டாவது பெட்டியில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்கைப்பில் பேசி முடித்துவிட்டார். அவர் நம்மிடம் திரும்பி வரவேயில்லை. அங்கிருந்து, 2015-ல் அழைப்பு வசதி வந்த வாட்ஸ்அப்புக்குப் போனார். சுதந்திர மென்பொருள் இந்தப் போட்டியில் தோற்றது கொள்கையிலும் இல்லை, ஒலித்தரத்திலும் இல்லை. முதல் திரையில் தோற்றது.

'எளிமையாக்கினால் அந்தரங்கம் போய்விடும்' என்று சொல்லித் தப்பிக்கலாம். கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், பாதி உண்மை என்பதால் நன்றாக எடுபடும். வாட்ஸ்அப்பின் எளிமைக்கு விலை, கைபேசி எண்ணும் முகவரிப் புத்தகமும். சுட்டியைத் தட்டினாலே பேசலாம் என்றிருந்த ஜிட்சி மீட்கூட, துஷ்பிரயோகம் தாளாமல் 2023-ல் தன் பொதுச் சேவையில் அறை திறப்பவர் மட்டுமாவது உள்நுழைய வேண்டும் என்று மாற்றிக்கொண்டது. எதிர்ப்பக்கத்தில், நடுவில் சர்வரே வேண்டாம் என்று கொள்கையில் நிற்கும் ஜாமியின் அடையாள எண் 40 எழுத்து நீளம். அதைத் தொலைபேசியில் வாசித்துக்காட்ட முதலில் ஒரு தொலைபேசி வேண்டும். எளிய பெயரைப் பதிவு செய்துகொள்ளும் வசதியைப் பிற்பாடு அவர்களும் சேர்த்தார்கள். ஆக, பேரம் நிஜமானதுதான். ஆனால் ரெல்ம் என்ற பெட்டியை நிரப்பச் சொல்வதால் யாருடைய அந்தரங்கம் காப்பாற்றப்பட்டது என்று எதிராளி கேட்டுவிட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

உதவிக் கையேடு எழுதுவது கடைசி வேலை. முந்தைய பதிப்புக்கு எழுதுங்கள். படங்கள் அதற்கும் முந்தைய பதிப்பிலிருந்து இருக்கட்டும்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இவ்வளவு போதும். நிறுவ முடியாமல் தவித்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு விளையாட்டில்லாமல் சில வார்த்தைகள். எஸ்.ஐ.பி. கணக்கு கொடுத்த நிறுவனம் கியூ.ஆர். குறியீடு தருகிறதா என்று முதலில் கேளுங்கள். தந்தால் ஸ்கேன் செய்வதோடு வேலை முடிந்தது. தராவிட்டால் பெயர், கடவுச்சொல், டொமைன் மூன்றை மட்டும் நிரப்புங்கள். ஆத்தரைசேஷன் நேமைக் காலியாக விடுங்கள், விடமாட்டேன் என்றால் யூசர் நேமையே எழுதுங்கள். போக்குவரத்து என்ற இடத்தில் டி.எல்.எஸ். இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். செய்தி மறையாக்கப்பட்டுப் போவதால் ரவுட்டர் உள்ளே கைவைக்க முடியாது. ஐஸ் என்ற தேர்வு இருந்தால் இயக்குங்கள். ரவுட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.யை அணையுங்கள். போர்ட் எதையும் திறக்காதீர்கள். ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முதல் அழைப்பை எக்கோ டெஸ்ட்டுக்குச் செய்யுங்கள். இதற்குப் பிறகும் உங்கள் நாட் வகை என்னவென்று கேட்கும் மென்பொருளை நீக்கிவிட்டு வேறொன்றைப் பாருங்கள்; லின்ஃபோன் மாதிரியான திறந்த மென்பொருள்களே அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டன.